அவள் கயிற்றை விடவில்லை

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பிறந்தநாள், கிரகப்பிரவேசம், கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. கொடுக்கிற போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் ரோஜாவோ மேகமோ வைத்துத் தர வேண்டும். தலைமுடியின் ஓரத்தை நான் இழை இழையாக வெட்டுவதைப் பார்த்துவிட்டுக் கடை முதலாளி ரெட்டி அண்ணன், "ஏம்ப்பா, செத்தவருக்கு எத்தினி முடின்னு யாரு வந்து எண்ணப் போறா?" என்பார். பழைய வேலையின் மிச்சம் அது. கையை விட்டுப் போகவில்லை.

அந்தப் பழைய வேலையைப் பற்றி எழுதச் சொல்லிப் போன மாதம் திவ்யா போன் செய்தாள். சினிமா கிராபிக்ஸ் கம்பெனியில் என்னிடம் வேலை பழகிய பெண். இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறாள்.

"அண்ணா, இப்பல்லாம் கம்பி, கயிறு, முகத்துல பரு எல்லாத்தையும் மிஷினே அழிச்சிடுது. நாங்க ஓகே அமுக்கறதோட சரி. நீங்க கையால பண்ணதை யாராவது எழுதி வெச்சாத்தான் உண்டு. நாங்க ஒரு மலர் போடறோம், அதுக்குக் குடுங்க."

"எதைப் பத்தி எழுத?"

"எந்தப் படம் வேணா எழுதுங்கண்ணா. அந்தத் தேங்காய் மட்டும் வேணாம்."

இருவரும் சிரித்தோம். ஆனால் நான் தேங்காயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து பொம்மனஹள்ளியில் குடியேறியவர்கள் அப்பாவும் அம்மாவும். அம்மா கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். அப்பா அபார்ட்மென்ட் வாட்ச்மேன். டிகிரி முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கிராபிக்ஸ் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரையில் ஒரு பெண் ஓடுவாள். அவள் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃப்ரேமிலும் கோடு போட வேண்டும். அதன் பெயர் ரோட்டோ. அது கைக்கு வந்த பிறகு பெயின்ட். பெயின்ட் என்றால் பூசுவது என்று நினைப்பீர்கள். எங்கள் தொழிலில் அழிப்பது. நடிகரைத் தூக்கும் கம்பி, ஓரத்தில் தெரியும் மைக், கண்ணாடியில் விழுந்த கேமராக்காரர், எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்குவது.

வேலை கிடைத்த அன்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"படத்துல கயிறு கியிறு தெரிஞ்சா நான் அழிச்சிடுவேம்மா. இருந்ததே தெரியாது."

அம்மா கேட்டாள்: "அழிக்கறதுக்காடா இவ்ளோ படிச்ச?"

ஓசூர் ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கம்பெனி. ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் யசோதரா மேடம். ஹலசூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா கண்டோன்மென்ட்டில் ஒர்க்‌ஷாப் தொழிலாளி. கன்னடம், தமிழ், தக்கனி உருது மூன்றிலும் ஒரே வேகத்தில் திட்டுவார். அவர் மானிட்டரின் மேல் விரல் உயரத்தில் ஒரு புத்தர் சிலை இருக்கும். எனக்குப் பக்கத்து சீட்டு மஞ்சுநாத், "குரு, புத்தர் ஏன் கண்ண மூடிக்கினு இருக்காரு தெரியுமா? நம்ம ஷாட்டப் பாக்க முடியல" என்பான். மஞ்சு மண்டியாக்காரன், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். எங்களோடு சேர்ந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவன், அதனால் அவன் தமிழில் பாதி மேடத்தின் தமிழ்.

காலை பத்து மணிக்கு ரிவ்யூ. சின்ன அறை, பெரிய திரை. முந்தின நாள் நாங்கள் செய்த ஷாட்களை ஒவ்வொன்றாக ஓட்டுவார்கள். மேடம் உட்கார மாட்டார். கதவுப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்பார். முதல் தடவை ஓடும்போது வாய் திறக்க மாட்டார். இரண்டாவது தடவை படத்தை இடம் வலமாகத் திருப்பி ஓட்டச் சொல்வார். பழகிப்போன கண் மறைக்கிற குற்றம் அப்போது வெளியே வந்துவிடும். மூன்றாவது தடவை ஓர் இடத்தில், "நிறுத்து" என்பார். நடந்து போய்த் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, எந்தக் குற்றத்தையும் காட்டாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"இந்த ஷாட்ல யாருக்கு இன்னா வேணும்?"

புதிதாக வந்தவர்கள், "மேடம், எட்ஜ் கொஞ்சம் சாஃப்ட்டா..." என்று ஆரம்பிப்பார்கள்.

"எட்ஜ நான் கேட்டனா? இவன் ஓடறான். இன்னாத்துக்கு ஓடறான்? பஸ்ஸப் புடிக்க ஓடறவன் ஷர்ட்டு ஒரு மாதிரி பறக்கும், பயந்து ஓடறவன் ஷர்ட்டு வேற மாதிரி பறக்கும். அது தெரியாம நீ இன்னா எட்ஜு போடுவ?"

ஆளே இல்லாத ஷாட்டையும் விட மாட்டார். "அந்த லாரிக்கு இன்னா வேணும்?" கேன்டீனில் இது பெரிய கூத்து. மஞ்சு இட்லியைத் தட்டில் குத்தி நிறுத்தி, "சொல்லு குரு, இந்த இட்லிக்கு இன்னா வேணும்?" என்பான். "சாம்பார்" என்போம். ஆனால் வேலையில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி தானாகக் காதில் கேட்கும். ஷாட் சரியாக இருந்தால் அவர் பாராட்ட மாட்டார். "போகட்டும்" என்று ஒரே சொல். அதற்காக நாங்கள் கண் எரிய உழைத்தோம்.

அப்படியிருந்த தளத்துக்கு அந்தப் படம் வந்தது.

பெரிய விஞ்ஞானப் படம். ஐந்து மொழிகளில் வரப்போகிறது என்றார்கள். வெளியே கசியக்கூடாது என்று படத்தின் பெயரை எங்களுக்கே சொல்லவில்லை. கணக்குக்கு ஒரு பொய்ப் பெயர் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இதற்குத் தேங்காய் என்று வைத்திருந்தார்கள்.

டைரக்டர் வரைந்த படங்களை முதல் நாள் திரையில் காட்டினார்கள். அந்த உலகத்தில் கடல் மேலே இருக்கிறது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். கீழே ஊர், கடலிலிருந்து தொங்கும் கயிறுகளில் கட்டப்பட்ட துணி வீடுகள். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட்டால் வீடு உப்பி அடங்கும். வெளிச்சம் தரையிலிருந்து வருகிறது; ஆகவே நிழல்கள் எல்லாம் மேலே, கடலின் அடிவயிற்றில் விழுகின்றன. ஒரு பெண் தெருவில் நடந்தால் அவள் நிழல் அலைமேல் நடக்கும். மீன் அந்த நிழலைக் கொத்த வரும். மழை மேல்நோக்கிப் பெய்யும்.

இப்படி ஒன்றை நம் ஊரில் ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மஞ்சுகூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். மேடம் மட்டும் கதவோரம் நின்று, "ரொம்ப அழகு. இதுல யாருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். தயாரிப்பு நிர்வாகி சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஸ்கிரிப்ட்ல இருக்கு மேடம்" என்றார்.

ஸ்கிரிப்டை எங்களுக்குக் காட்டவில்லை. ரகசியம். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஷாட் மட்டும் வரும், சத்தம் இல்லாமல். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியாது. வேலையின் ஒரு பாதி எங்களிடம், மறு பாதி ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியிடம். எங்களுக்கு வந்ததெல்லாம் கடல், நிழல், வீடு, மீன். பேசுகிற மனிதர்கள் அதிகம் வரவில்லை. அதனால் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். மஞ்சுதான் முதலில் சொன்னான்.

"ஸ்டோரி மொத்தம் ஹைதராபாத்துக்குப் போயிருக்கு குரு. நமக்குத் தண்ணி மட்டும்."

அதை நாங்கள் நிஜமாகவே நம்பினோம். மாதக்கணக்கில் நம்பினோம். மேலே போகிற பெண் ஏன் போகிறாள், கடலுக்குள் என்ன இருக்கிறது, வீட்டுக்காரர்கள் யாருக்குப் பயப்படுகிறார்கள், எல்லாம் அந்தப் பாதியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு துணி மடிப்புக்கும் உயிரைக் கொடுத்தோம். டீ நேரத்தில் ஆளுக்கொரு கதை சொல்வோம். திவ்யா கதையில் கடல் ஒரு கடவுள். மஞ்சு கதையில் மேலே ஒரு எம்.எல்.ஏ. ரிசார்ட் கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் ஹைதராபாத் கம்பெனியிலிருந்து ஒருவர் வேலை விஷயமாக எங்கள் தளத்துக்கு வந்தார். சுரேஷ் என்று பெயர். டீ குடித்துக்கொண்டே மஞ்சு கேட்டான்: "பிரதர், யாருக்கும் சொல்ல மாட்டோம். ஸ்டோரி இன்னா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் உங்ககிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். எங்களுக்கு வந்ததெல்லாம் சண்டையும் கப்பலும். கதை பெங்களூர்ல இருக்குன்னு எங்க ஆளுங்க சொல்லிக்கிட்டிருக்காங்க."

மஞ்சு, "தேங்காயை உடைச்சாச்சு. உள்ள தண்ணி இல்ல" என்றான். வேடிக்கை மாதிரி அவன் அதைச் சொல்லவில்லை.

கதை எங்கும் இல்லை என்பது மேடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சூப்பர்வைசர் என்பதால் முழுப் படத்தின் முதல் எடிட்டிங் பிரதியை அவருக்குக் காட்டியிருந்தார்கள். ரகசியம் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் எங்களிடம் அவர் வாய் திறக்கவில்லை. சுரேஷ் போன பிறகு நான் அவரிடம் போய் நின்றேன்.

"மேடம், நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"இருக்குது முருகேசா. ஒரே ஒரு எடத்துல. அது உன் ஷாட்டுதான். வந்ததும் பாரு."

அந்த ஷாட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும்.

படத்தின் முக்கால் பாகம் தாண்டி அது வருகிறது. மகள் கயிற்றில் ஏறிக் கடலுக்குள் போகிறாள். அம்மா கீழே கயிற்றின் முனையைப் பிடித்திருக்கிறாள். மேலே கடல் கிழிகிறது. கயிறு அம்மாவின் கையை விட்டுப் போகிறது. மகள் தண்ணீரில் மறைகிறாள். அவ்வளவுதான் காட்சி. எங்களுக்கு வந்தது ஷூட்டிங்கில் எடுத்தபடியே உள்ள பதிவு. பின்னால் பச்சைத் துணி. நடுவில் அம்மாவாக நடித்த நடிகை, நடுத்தர வயது, பெரிய நட்சத்திரம் இல்லை. இடுப்பில் கம்பி. அவர் பிடித்திருப்பது சாதாரண நைலான் கயிறு. ஃப்ரேமுக்கு மேலே ஸ்டன்ட் ஆட்கள் அதை இழுக்கிறார்கள்.

பெயின்ட் வேலை செய்பவன் ஒரு ஷாட்டை மற்றவர்கள் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. ஒரு ஃப்ரேம் முன்னால், ஒரு ஃப்ரேம் பின்னால் என்று நகர்த்திக்கொண்டே இருப்போம். ஒரு நொடிக்குள் எங்களுக்கு ஒரு பகல் முழுதும் போய்விடும். அப்படித்தான் அதைக் கண்டேன். கயிறு போகும்போது அந்தப் பெண்ணின் கை திறக்கவில்லை. விரல்கள் இறுக மூடியே இருக்கின்றன. மூடிய கைக்குள்ளிருந்து கயிறு உருவிக்கொண்டு போகிறது. போன பிறகும் கை மூடியிருக்கிறது. அவருக்கே தெரியவில்லை கயிறு போய்விட்டது என்று. பிறகு மெதுவாகக் கையைத் திறந்து பார்க்கிறார். உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவந்த கோடு, தோல் உரிந்து.

மேடத்தைக் கூப்பிட்டேன். என் சீட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இடம் வலம் திருப்பச் சொல்லவில்லை. தன் கேள்வியையும் கேட்கவில்லை.

"இது மேக்கப் இல்லப்பா" என்றார். "நெசமா கிழிச்சிருக்குது. அந்தப் பொம்பள கட் சொல்றவரைக்கும் வலிய வெளிய காட்டாம நடிச்சிருக்கா."

"மேடம், அப்ப அம்மா விடல. கயிறுதான் போவுது. மேல இருந்து பொண்ணு இழுத்துக்கிட்டுப் போறாளா?"

"இழுத்தாளோ, கடல் இழுத்துச்சோ, யாருக்குத் தெரியும்? இவ விடல. அது போதும். இந்தப் படத்துல ஒருத்திக்கு இன்னாவோ வேணும்னு தெரியற ஒரே எடம் இது. இத மட்டும் ஜனம் பாத்துட்டா மீதியெல்லாம் தானா கதையாயிடும்."

பிறகு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "படம் ஓடுனா ரெண்டாவது பாகம் நம்மளுக்கு. ஓடலன்னா இந்த ஃப்ளோரு இல்ல. எம்.டி. மத்த வேலையெல்லாம் வேணாம்னு அனுப்பிட்டாரு. இந்தக் கைய நம்பித்தான் நாம இருக்கறோம், வெச்சுக்கோ."

கம்பிகளை மட்டும் அழித்தேன். கையைத் தொடவில்லை. கடலைச் செய்கிறவர்களிடம் பேசி, அந்த நேரத்தில் மேலே நடப்பதைக் கொஞ்சம் அடக்கச் சொன்னார் மேடம். கை தெரிய வேண்டும். ரிவ்யூவில் ஓட்டினோம். முதல் தடவையிலேயே, "போகட்டும்" என்றார். அப்படி அவர் சொன்னது அந்த ஒரு முறைதான்.

டைரக்டர் தரப்பிலிருந்து பதில் வந்தது: இந்த ஷாட்டில் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லையா?

அதன்பின் வீடியோ காலில் டைரக்டரே வந்தார். அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. தூங்கிப் பல நாளான முகம். ஒருவரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். எம்.டி. ஒரு நாற்காலியில், மேடம் வழக்கம்போல் சுவரோரம், ஷாட்டுக்குச் சொந்தக்காரன் என்பதால் நானும்.

"மேடம், கயிறு போற நேரத்துல அவங்க கை திறக்கணும். திறந்ததும் உள்ளங்கையிலிருந்து ஒளி பூக்கணும். ஒரு பெரிய தாமரை மாதிரி. அதிலிருந்து ஆயிரக்கணக்கான மீன் மேல போகணும். டிரெய்லர்ல கடைசி ஷாட் அதான்."

"சார், கை தொறந்தா அவ வுட்ட மாதிரி ஆயிடும்."

"விடட்டும் மேடம். விஷுவலா அது ஒரு விடுதலை."

"யாருக்கு சார் விடுதலை? பெத்த பொண்ணு போறா. ஏன் வுடறா? முன்னாடி அதுக்கு ஒரு சீனும் இல்லியே."

டைரக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, களைப்பாக, மிகவும் களைப்பாகச் சொன்னார்:

"மேல கடலே கிழியுது மேடம். அவ கையை யார் பார்ப்பாங்க?"

"நாங்க பாத்தோம் சார்."

"நீங்க ஒவ்வொரு ஃப்ரேமா பாக்கறவங்க."

எம்.டி. குறுக்கே வந்தார். "சார், பண்ணிடலாம் சார். மேடம் கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க." பிறகு எங்களிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கண்ணுக்கே தெரியாத வேலையைப் பண்ணிட்டு நாம என்னத்த பில் போடறது?" என்றார். டைரக்டர் கடைசியாக, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல், "அப்புறம் அந்தக் கையில ஏதோ சிவப்பா தெரியுது. அடுத்த ஷாட்ல இல்ல. கன்டின்யூட்டி. அதையும் கிளீன் பண்ணிடுங்க" என்றார். திரை கறுத்தது.

மேடம் வெளியே வந்து தன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "வேற யாருக்காச்சும் இதக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். வேற ஆளு பண்ணா தெரியும்" என்றேன். அழிப்பதாக இருந்தால் நன்றாக அழிக்க வேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்; திவ்யா கேட்டதே அதைத்தானே. கயிறு போன பிறகு அந்தப் பெண் கையைத் திறந்து பார்க்கிறாரே, அந்த ஃப்ரேம்களில் கையை மணிக்கட்டோடு வெட்டி எடுத்து, கயிறு போகிற நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். மணிக்கட்டில் ஒட்டு தெரியும். தோலின் நிறமும் நரம்பும் பொருந்தும்வரை ஃப்ரேம் ஃப்ரேமாக இழைத்தேன். இப்போது கை முதலில் திறக்கிறது, கயிறு அப்புறம் போகிறது. அடுத்தது அந்தச் சிவந்த கோடு. காட்சியின் ஆரம்பத்தில் அவர் கயிற்றை வாங்கும்போது ஒரு கணம் உள்ளங்கை தெரிகிறது, காயம் படுவதற்கு முன்னால். அந்தத் தோலை எடுத்தேன். கை திரும்பும்போது ரேகைகள் கூடவே திரும்ப வேண்டும்; விரல் மடங்கும்போது உள்ளங்கை மேடு உப்ப வேண்டும். அதே பெண்ணின் காயம்படாத கையை எடுத்து, அவருடைய காயம்பட்ட கையின் மேல் போர்த்தினேன். அதன் மேல் மற்றவர்கள் தாமரை வைத்தார்கள்.

ரிவ்யூவில் ஓடியது. முதல் தடவை, இரண்டாவது தடவை திருப்பி, மூன்றாவது தடவை. மேடம் எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு இடமே இல்லை. "போகட்டும்" என்ற சொல்லும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன்.

படம் வெளியான வாரம் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அப்பாவையும் அம்மாவையும் ஓசூர் ரோட்டு மாலுக்கு அழைத்துப் போனேன். மஞ்சுவும் வந்தான். அம்மா எஸ்கலேட்டரில் ஏறப் பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஹவுஸ்ஃபுல்.

கடல் வந்ததும் அரங்கம் முழுக்க ஒரு மூச்சு. நிழல் அலைமேல் நடந்தபோது விசில். மஞ்சு என் தொடையைக் கிள்ளி, "நம்ம தண்ணி குரு" என்றான். எனக்கு அழுகை வந்தது. அரை மணி நேரம் அப்படியே போனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போன்கள் எரிய ஆரம்பித்தன. மழை மேலே பெய்கிறது, வீடு மூச்சு விடுகிறது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா ஒரு தடவை, "இவங்க யாரு இந்தக் கப்பல்காரங்க?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அது ஹைதராபாத் பாதி.

அந்தக் காட்சி வந்தது. கடல் கிழிந்தது. திரை நிறையத் தாமரை. மீன்கள். கொட்டகை ஒரு கணம் நிமிர்ந்தது. பிறகு மகள் மறைந்தாள், அம்மாவின் திறந்த கை. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"டேய், ஏன்டா விட்டா?"

இன்னொரு குரல் உடனே: "கை வலிச்சிருக்கும் மச்சான்!"

அரங்கம் முழுக்கச் சிரித்தது. அந்தப் படத்தில் மக்கள் மனம் விட்டுச் சிரித்த ஒரே இடம் அது. மஞ்சு என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா சிரிக்கவில்லை. என் காதில், "பெத்த புள்ளய எதுக்குடா வுட்டுட்டா அவ?" என்றாள்.

திங்கட்கிழமையே தியேட்டர்களிலிருந்து படத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விமர்சனங்களில் எல்லாம், கண்ணுக்கு விருந்து, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்ற மாதிரியே எழுதியிருந்தார்கள். இரண்டாம் பாகம் பற்றிய பேச்சு அதோடு நின்றது. தளத்தை மூடப்போவதாக எம்.டி. ஒரு மெயில் அனுப்பினார். மஞ்சு மண்டியாவுக்குப் போய் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தான். திவ்யாவுக்கு வயது குறைவு, வேறு இடத்தில் சேர்ந்தாள். நான் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். பெயின்ட் வேலைக்கு இனி ஆள் எடுப்பதில்லை, மிஷின் வந்துவிட்டது என்றார்கள். ஒரு இடத்தில் அதைச் செய்து காட்டினார்கள். கம்பியைச் சுட்டினால் கம்பி போகிறது. முகத்தைச் சுட்டினால் முகம் போகிறது. யாருக்கு என்ன வேண்டும் என்று அது ஒருவரையும் கேட்பதில்லை. அன்று பீன்யாவிலிருந்து மெட்ரோவில் திரும்பும்போது, ஓய்வுபெற்றுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை.

தளத்தைக் காலி செய்த அன்று மேடம் வந்திருந்தார். புத்தரைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கறுப்புத் தாளைக் கிழித்திருந்தார்கள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தளத்தில் வெயிலைப் பார்த்தேன்.

"மேடம், அந்தக் கை அப்படியே இருந்திருந்தா ஓடியிருக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"தெரியாதுப்பா. ஓடாமயே போயிருக்கலாம். ஆனா அந்தப் பொம்பளய அத்தினி பேரு பாத்து சிரிச்சிருக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போன் நம்பர் மாறிவிட்டது.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் போன ஞாயிறு மத்தியானம் அந்தப் படம் டிவியில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா, "இது அந்தப் புள்ளய வுட்ட பொம்பள படந்தான? மாத்துடா" என்றாள்.

அத்தனை நாள் சொல்லாததை அன்று சொன்னேன்.

"அம்மா, அவ விடல. கை மூடித்தான் இருந்துச்சு. கயிறு தானா உருவிக்கிட்டுப் போச்சு. உள்ளங்கை கிழிஞ்சே போச்சு அந்தம்மாவுக்கு."

"யாரு சொன்னது?"

"நான் பாத்தேம்மா. நான்தான் அதை அழிச்சேன்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேலை போன பிள்ளை ஏதோ ஆறுதலுக்குப் பேசுகிறான் என்று நினைத்திருப்பாள். அதற்குள் டிவியில் அந்தக் காட்சி வந்துவிட்டது. அம்மா சாப்பிடுகிற கையாலேயே திரையைக் காட்டினாள்.

"தோ பாரு. தானாத்தான் தொறக்கறா. அப்பறந்தான் கயிறு போவுது. கையில ஒரு கீறல் இருக்குதா, நீயே பாரு."

எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனேன். ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தேன். மணிக்கட்டில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ரேகைகள் சரியாகத் திரும்பின. மேடு சரியாக உப்பியது. ஒரு கீறலும் இல்லை.